ஏற்காட்டில் பழைய வீட்டுச் சுவரில் தேனீ இருந்தால் யாரைக் கூப்பிடலாம்?

நாகலூர் பக்கம் இருக்கிற தாத்தா வீட்டை விலைக்குப் போட்டிருக்கிறோம். பார்க்க வந்த ஒருவர் பட்டா, வில்லங்கம், தாய்ப்பத்திரம் எல்லாம் புரட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பின்கட்டுச் சுவரில் ஈ போய் வருகிற ஓட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இதை எடுத்துட்டுச் சொல்லுங்க, பேசலாம்."

பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டுகிற அடுக்குத்தேனீதான், பல வருஷமாக அங்கேயே குடித்தனம். முதலில் சேலத்தில் பூச்சிமருந்து அடிக்கிற ஒரு நிறுவனத்தை விசாரித்தோம்; மருந்தடித்துச் சிமெண்ட் பூசிவிடலாம், அரை மணி நேர வேலை என்றார்கள். பாவம் என்பது ஒருபக்கம் இருக்கட்டும், ஈ செத்தாலும் அடை சுவருக்குள்ளேயேதான் இருக்கும். சிறகடித்துச் சூடு தணிக்க ஆளில்லாமல் வெயில் காலத்தில் மெழுகு இளகித் தேன் சுவர் வழியே கசியும், எறும்பு வரும், மெழுகுப்புழு வரும், எலியும் வரும், வீடு வாங்கியவர் நம்மைத்தான் திட்டுவார்.

அப்புறம்தான் மலை மேலேயே பெட்டி வைத்துத் தேன் எடுக்கிற ஒருவரைப் பிடித்தோம். கூலி ரூ.3,000, தேனில் பாதி அவருக்கு. சாயங்காலம் வந்தார். தேங்காய் நார்ப் புகை கொஞ்சம் காட்டி, ஓட்டையைச் சுற்றிக் கல்லைப் பெயர்த்து, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தார். தேன் அடை பாத்திரத்துக்கு, முட்டையும் புழுவும் இருந்த அடை மரச்சட்டத்தில் வாழைநாரால் கட்டிப் பெட்டிக்குள். ராணியைத் தேடத்தான் நேரம் பிடித்தது. அது பெட்டிக்குள் போனதும் மிச்ச ஈயெல்லாம் பந்தியில் இடம் பிடிக்கிற கூட்டம் மாதிரி வாசலில் முண்டியடித்தன. ராணி மட்டும் வெளியே வர முடியாதபடி வாசலில் ஒரு தடுப்பு வைத்தார். பெட்டி அங்கேயே சில நாள் இருந்து ஈ பழகியபிறகு, ஒரு ராத்திரி வாசலை அடைத்துத் தூரத்துத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். பக்கத்திலேயே நகர்த்தி வைத்தால் ஈ பழைய இடத்துக்கே திரும்பிவிடுமாம்.

வேலை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாய்களைப் பற்றி அவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீட்டில் இரண்டு நாட்டுநாய். கறுப்பு முடி, மூச்சுக்காற்று இரண்டுமே கோபத்தில் இருக்கிற தேனீக்கு ஆகாது. கறுப்பன் பெட்டியிடம் போய் மூக்கை நீட்டிக் குரைத்து, மூக்கிலும் கண்ணோரத்திலும் வாங்கிக்கொண்டு விறகுக்குவியலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது, சோற்றுக்குக்கூட வரவில்லை. செம்பழுப்புக்காரிக்கு ஒன்றும் ஆகவில்லை. கேட்டதற்கு, "நாய்னா அப்படித்தாங்க" என்கிறார். நீங்கள் கூப்பிட்டால் பெட்டி கிளம்புகிற வரைக்கும் நாய்களைச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பெயர்த்த சுவர் நம் தலையில்தான். கொத்தனார் வேறு ஆள், கூலி வேறு. பூசுவதற்கு முன்னால் ஒட்டியிருக்கிற மெழுகைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள், அந்த வாசத்துக்கே அடுத்த கூட்டம் தேடி வந்து உட்காரும்.

காப்பிப் பூ முடிந்த கையோடு செய்தால் நல்லது, கூட்டில் தீனி இருக்கும். அடைமழைக் காலத்தில் ஈ வெளியே போக முடியாது, கூடு பிழைக்கச் சர்க்கரைப்பாகு வைக்க வேண்டிவரும்.

அந்த வீடு பார்த்தவர் திரும்ப வந்தார், இப்போது ஓடு ஒழுகுகிறது என்று விலையைக் குறைக்கிறார். அதற்குத் தேனீக்காரர் என்ன செய்வார்.

மரத்திலோ மாடி விளிம்பிலோ பெரிய ஒற்றை அடையாகத் தொங்குகிற மலைத்தேனீ என்றால் இவரைக் கூப்பிட்டுப் பயனில்லை, அது பெட்டியில் தங்காது, அவரும் தொடமாட்டார்.