திரும்பக் கிடைத்த நத்தை: இருக்கும் இடத்தில் விடுவதா, எடுத்து வளர்ப்பதா?

அழிந்துவிட்டதாக நினைத்த தீவு நத்தை இனம் திரும்பக் கிடைத்தால் என்ன செய்யலாம்? இரண்டு தீவுகளின் கதை கையில் இருக்கிறது.

சீஷெல்ஸின் அல்டாப்ரா தீவுக்கூட்டத்தில் வாழும் வரி நத்தை 1997-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. மழை குறைந்ததே காரணம் என்று சொல்லி 2007-இல் அழிந்ததாக அறிவித்தார்கள். 2014 ஆகஸ்டில் அங்குள்ள மலபார் தீவின் புதர்களில் ஏழு நத்தைகள் கிடைத்தன. கருநீல ஓட்டில் இளஞ்சிவப்பு வரி, அத்தனை அழகு! அல்டாப்ராவில் ஊர் கிடையாது, ஆராய்ச்சி நிலையம் மட்டும்தான். அதனால் அதை அங்கேயே விட்டுக் காப்பது சரி என்றே படுகிறது. ஆனால் மழையை யாராலும் காவல் காக்க முடியாதே.

பெர்முடாவின் நத்தைக்கு வந்த எதிரி வேறு. தொல்லை தரும் வேறு நத்தைகளைக் கட்டுப்படுத்தவென்று மனிதர்கள் கொண்டுவந்த நத்தை தின்னும் நத்தை, சளித்தடத்தை மோப்பம் பிடித்தே இரையைத் துரத்தும். நாற்பது வருடம் காணாமல் போன உள்ளூர் நத்தை 2014-இல் தலைநகர் ஹாமில்டனின் ஒரு சந்தில், குப்பைப் பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவே உயிரோடு இருந்தது. அந்த ஒரு சந்தில் மட்டும் ஒரு இனத்தை விட்டுவைக்கலாமா? சிலவற்றை இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக் காட்சியகத்தில் வளர்த்தார்கள். அப்புறம் ஆயிரக்கணக்கில் பெருகியவற்றை பெர்முடாவைச் சேர்ந்த நான்சச் தீவில் கொண்டுபோய் விட்டார்கள்.

எதிரி பக்கத்திலேயே இருந்தால், நான் தயங்காமல் பெர்முடா வழியைத்தான் எடுப்பேன்.