"செட்டியார் வீட்டு வண்டி, ஓடவே இல்ல": காரைக்குடி பக்கம் டர்போ கூபே வாங்குபவர்களுக்கு எச்சரிக்கை

காரைக்குடி புரோக்கர் ஒருவர் தேவகோட்டைக்காரர் ஒருவருக்கு 2016 மாடல் ஆடி டிடி கூபே ஒன்றை முடித்துக் கொடுத்திருக்கிறார். மீட்டரில் 27,000 கிலோமீட்டர். "செட்டியார் வீட்டு வண்டிண்ணே. ஆளுங்க சிங்கப்பூர்ல இருக்காங்க. திருவிழா, கல்யாணம்னு ஊருக்கு வந்தா மட்டும்தான் ஷெட்லேர்ந்து எடுப்பாங்க" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார். வாங்கியவர் ஏமாளி இல்லை. முன்கூட்டியே பார்த்துச் சொல்லும்படி ஒரு கேரேஜுக்குப் பணமும் கட்டியிருக்கிறார். அவர்கள் "ஃபுல் செக் ஓகே" என்று எழுதி சீல் வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

சில மாதம் கழித்து கார் எங்கள் கேரேஜ் லிஃப்டில் ஏறியது. மீட்டர் குறைக்கப்பட்டிருந்தது. ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ரீமேப் செய்யப்பட்டிருந்தது, அதாவது கூடுதல் திறனுக்காக அதன் மென்பொருள் மாற்றப்பட்டிருந்தது. நாலு சக்கர டிரைவ் என்று விற்ற காரில் பின் சக்கரங்களுக்கு விசையே போகவில்லை. வாங்கும் அன்றைக்கே ஒரு ஸ்கேனரும் கொஞ்சம் பொறுமையும் இருந்திருந்தால் இந்த மூன்றும் தெரிந்திருக்கும். சீல் வைத்தவர்கள் ஸ்கேனரைச் செருகவே இல்லை என்றுதான் நினைக்கிறோம். அதே பேச்சோடு இன்னும் சில கார்கள் இந்தப் பக்கம் விற்பனைக்குச் சுற்றுவதால் எதை, எப்படிப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறோம்.

முதலில் காரைப் பற்றி. மூன்றாம் தலைமுறை டிடி இந்தியாவுக்கு வந்தது 2015-ல். 1,984 சிசி டர்போ பெட்ரோல் என்ஜின், 230 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் டார்க், எண்ணெயில் நனைந்து ஓடும் இரட்டை கிளட்ச் உள்ள 6 வேக கியர்பாக்ஸ். அந்த டார்க் 1,600-லிருந்து 4,300 ஆர்பிஎம் வரை ஒரே மட்டமாக நிற்கும். சக்கர இடைவெளி வெறும் 2,505 மில்லிமீட்டர். திருமயம் கடந்து காரைக்குடி நோக்கி வரும் நேர்ச்சாலையில் ஒரு லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் கியர் குறைக்கக்கூட வேண்டாம், காலை வைத்தால் போதும். நல்ல நிலையில் உள்ள டிடியில் அந்த இழுப்பு இடைவெளி இல்லாமல், சீராக வரும். திடீரென்று குத்துவது போல வந்தால் புரோக்கர் அதை "செம பிக்கப்" என்பார். எங்களுக்கு அது சந்தேகத்துக்கான முதல் காரணம்.

நாலு சக்கர டிரைவைக் குறிக்கும் குவாட்ரோ என்ற பெயர் பின்னால் ஒட்டியிருந்தாலும், டிடியில் சாதாரணமாக முன் சக்கரங்கள்தான் பெரும்பாலான வேலையைச் செய்யும். பின் அச்சுக்கு முன்னால் ஹால்டெக்ஸ் என்ற பல தட்டு கிளட்ச் இருக்கிறது. ஒரு சின்ன மின் பம்ப் எண்ணெயை அழுத்தி அந்தத் தட்டுகளை இறுக்கும்போது பின் சக்கரங்களும் இழுக்கும். ஐந்தாம் தலைமுறை ஹால்டெக்ஸில் தனி ஃபில்டர் கிடையாது. பம்பின் வாயில் ஒரு நுண்ணிய வலை மட்டுமே. தட்டுகள் தேய்ந்து உதிரும் கசடு அந்த வலையில் அடைகிறது. எண்ணெய் கிடைக்காத பம்ப் திணறிச் சூடாகி, கடைசியில் கருகுகிறது. இதில் மோசமான விஷயம், பல நேரம் டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. கார் சத்தமில்லாமல் முன் சக்கர டிரைவ் ஆகிவிடும். ஓட்டுபவருக்கு வித்தியாசம் தெரிவது மழை நாளில் மட்டும்தான்: சந்திப்பில் திரும்பும்போது முன் சக்கரம் சுழன்று ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், வளைவில் மூக்கு வெளியே போகும்.

செட்டிநாட்டில் இதைச் சோதிக்க மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த ஊர் எல்லையிலும் செம்மண் சரளை கிடக்கிறது. ஆளில்லாத, சமமான சரளைத் தரையில் நாலு சக்கரமும் நிற்கும்படி காரை நிறுத்துங்கள். ஈஎஸ்சியை (சறுக்கலைக் கட்டுப்படுத்தும் அமைப்பை) அணைக்காதீர்கள். டைனமிக் மோடில் போட்டு, நின்ற இடத்திலிருந்து பாதி ஆக்ஸிலரேட்டருக்கு மேல் ஒரேயடியாக அழுத்துங்கள். நல்ல கார் பின்னால் லேசாக அமர்ந்து கிளம்பிவிடும். ஹால்டெக்ஸ் செத்த காரில் முன் சக்கரம் மட்டும் சரளையை வாரி இறைக்கும், மஞ்சள் விளக்கு மினுக்கும். ஒருவர் வெளியே பக்கவாட்டில் தள்ளி நின்று எந்தச் சக்கரம் சுழல்கிறது என்று பார்க்க வேண்டும். தேவகோட்டைக்காரரின் காரில் பின் சக்கரத்தடியில் ஒரு கல்கூட அசையவில்லை.

இதில் இன்னொரு ஏமாற்றும் நடக்கிறது. "ஹால்டெக்ஸ் சர்வீஸ் ஆகிவிட்டது" என்று பில் காட்டுவார்கள். எண்ணெயை மட்டும் வடித்து ஊற்றியிருப்பார்கள். பம்பைக் கழற்றியே இருக்க மாட்டார்கள். அடைத்த வலை அப்படியே இருக்கும்போது புது எண்ணெய் ஊற்றி என்ன பயன்? சரியான வேலை என்பது எண்ணெய் வடித்து, பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, பம்பை வெளியே எடுத்து, வலையை பிரேக் கிளீனரால் கழுவி, புது ஓ-ரிங் போட்டு மாட்டி, நிரப்பும் துளையில் வழியும் வரை எண்ணெய் ஊற்றி, ஸ்கேனர் வழியாகப் பம்பை ஓட்டி, மறுபடி மட்டம் பார்ப்பது. மொத்த எண்ணெயும் ஒரு லிட்டருக்குள்தான். பில்லில் இரண்டு, மூன்று லிட்டர் ஹால்டெக்ஸ் ஆயில் என்று இருந்தால் அந்த பில்லே பொய்.

அடுத்து ரீமேப். 230 குதிரைத்திறனை 300 பக்கம் கொண்டுபோவது இந்த என்ஜினில் லேப்டாப் வேலைதான். தெரிந்தவர்கள் செய்தால் தப்பில்லை. ஆனால் எங்கிருந்தோ கிடைத்த ஃபைலை ஏற்றுகிறவர்கள் ஆரம்ப ஆர்பிஎம்மிலேயே டர்போ அழுத்தத்தை ஏற்றிவிடுகிறார்கள். விற்பனை ஓட்டத்தில் "குத்து" தெரிய வேண்டுமே. பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ என்ஜினில், குறைந்த வேகத்தில் அதிகச் சுமை ஏறினால் தீப்பொறி வருமுன்பே கலவை தானாக வெடிக்கும். வளையங்களுக்கு இடையே உள்ள பிஸ்டனின் மெல்லிய விளிம்பு அதில் உடையும். தரமற்ற பெட்ரோல் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். கியர்பாக்ஸும் 400 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும் வகை. அதற்கு மேல் ஏற்றினால் கிளட்ச் வழுக்கும்.

கண்டுபிடிக்க: மேனுவல் மோடில் மூன்றாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக அழுத்துங்கள். 3,000 சுற்றுவட்டத்தில் ஆர்பிஎம் முள் ஏறி, வேகம் அதோடு சேர்ந்து ஏறாமல் பின்தங்கினால் கிளட்ச் போய்க்கொண்டிருக்கிறது. அதே ஓட்டத்தில் ஸ்கேனரில் நாலு சிலிண்டரின் இக்னிஷன் பின்வாங்கலையும் (தட்டலைத் தவிர்க்க ஈசியூ தீப்பொறியைத் தாமதப்படுத்தும் அளவு) பதிவு செய்யுங்கள். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப 4 டிகிரிக்கு மேல் போனால் என்ஜின் தட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். விற்கும்போது பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றிவிட்டாலும், ஈசியூவில் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை இருக்கும். கம்பெனி சர்வரில் அந்தச் சேஸிஸ் எண்ணுக்கு ரீமேப் ஆன கார் என்று குறி விழுந்திருந்தால் அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் தெரியும். காரைக்குடியில் அந்த வசதி இல்லையே என்று விடாதீர்கள். வெளியூருக்கு ஒரு நாள் கொண்டுபோகச் சம்மதிக்காத புரோக்கரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

மீட்டர் விஷயம் எளிது. கிலோமீட்டரைக் குறைப்பவர்கள் டேஷ்போர்டு எண்ணைத்தான் மாற்றுகிறார்கள். காரில் உள்ள மற்ற கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொரு பழுதைப் பதிவு செய்யும்போதும் அந்த நேரத்து கிலோமீட்டரையும் சேர்த்து எழுதுகின்றன. இந்தக் காரில் ஒரு கதவின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருந்த பழைய பழுது, 71,000-ஐத் தாண்டிய எண்ணோடு உட்கார்ந்திருந்தது. எல்லாப் பெட்டிகளையும் தனித்தனியே திறந்து படிக்க வேண்டும். என்ஜினை மட்டும் படித்தால் போதாது. ஒரு பழுதுகூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தால் அதுவும் ஒரு தடயம்: சாதாரண ஓபிடி ஸ்கேனரிலேயே "பழுது அழித்தபின் ஓடிய தூரம்" என்று ஒரு அளவு வரும். அது 15 கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்காகத்தான் அழித்திருக்கிறார்கள்.

உண்மையிலேயே ஷெட்டில் நின்ற காராக இருந்தாலும் அது நல்ல கார் என்று ஆகிவிடாது. நின்றாலும் என்ஜின் ஆயில் வருடத்துக்கு ஒருமுறை, பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் வீடுகளில் காரைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் வீட்டையும் சேர்த்துப் பார்க்கிற ஒருவர்தான். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து அணைப்பார். ஐந்து நிமிடத்தில் என்ஜின் ஆயில் சூடாகாது. பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் சேர்ந்து அதைக் கெடுக்கும். டயரில் நாலு இலக்க எண்ணைப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். நாலும் 245/40 ஆர்18, ஒரே பிராண்டு, கிட்டத்தட்ட ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். முன்னால் இரண்டு மட்டும் புதிதென்றால் சுற்றளவு வேறுபட்டு ஹால்டெக்ஸ் ஓயாமல் வேலை செய்யும்.

கூலன்ட் டேங்கைக் குளிர்ந்த நிலையில் திறந்து பாருங்கள். இளஞ்சிவப்பு அல்லது ஊதா இருக்க வேண்டும். பழுப்பு என்றால் போர் தண்ணீரோ லீக் அடைக்கும் மருந்தோ உள்ளே போயிருக்கிறது. இந்த என்ஜினில் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசிவது தெரிந்த பலவீனம். கீழே, கியர்பாக்ஸ் பக்கம் உலர்ந்த இளஞ்சிவப்புப் படிவம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

கியர்பாக்ஸ் ஆயில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஃபில்டரோடு, ஐந்து லிட்டருக்குச் சற்று மேல். மட்டத்தை என்ஜின் ஓடும்போது, ஆயில் சூடு 35-லிருந்து 45 டிகிரிக்குள் பார்க்க வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் "கணக்குப்படி ஊற்றிட்டோம்" என்கிற இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் காரை உடனே பிரித்து வேலை பார்க்க விடாதீர்கள். முதலில் எல்லாப் பெட்டிகளின் ஸ்கேன் அறிக்கையையும் அச்செடுங்கள். பழுதை அழித்தால் சாட்சியும் அழியும். புரோக்கரின் வாட்ஸப் குரல் பதிவு, பணம் போன விவரம், கேரேஜ் கொடுத்த சீல் தாள் மூன்றையும் எடுத்து வையுங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு சோதிக்காமல் சீல் வைத்தது சேவைக் குறைபாடு. எழுத்தில் நோட்டீஸ் அனுப்பி, பதில் இல்லையென்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போட 2019 சட்டம் வழி செய்திருக்கிறது. கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். மீட்டரைத் திருத்தி விற்றது மோசடி என்பதால் அதற்குக் காவல் நிலையத்தில் தனியாக எழுத்துப் புகார் கொடுத்து, ரசீது கேட்டு வாங்குங்கள். தேவகோட்டைக்காரர் இப்போது இந்த இரண்டையும் செய்திருக்கிறார்.