பழைய காரின் எவர்சில்வர் பட்டைகளைப் பட்டறையில் கழற்றிக் கொடுக்கும் முன்: ஓர் எச்சரிக்கை

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் பழைய ஃபியட், அம்பாசிடர், ஹெரால்டு கார்களை இன்னும் ஓடும் நிலையில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வண்டியின் வெளிப்புறத்தில் ஓடும் பளபளப்பான பீடிங் பட்டைகளுக்கு முலாம் போய்விட்டது, அவற்றை மாற்றியாக வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே வேலையை நிறுத்திவிடுங்கள். அப்படிச் சொல்லித்தான் என் காரின் அசல் பட்டைகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பதிலாக முலாம் பூசிய இரும்புத் தகட்டைப் பொருத்தி, அசல் என்று பில் போட்டுக் கொடுத்தார்கள். விவகாரம் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பட்டறையின் பெயரையோ அது இருக்கும் தெருவையோ இங்கே குறிப்பிடவில்லை.

வண்டி 1968ஆம் ஆண்டு ஃபியட் 1100 டிலைட். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் 1964 முதல் தயாரித்த இந்த வண்டிதான் பின்னர் பிரீமியர் பிரசிடெண்ட் ஆகி, 1974இல் பத்மினி என்று பெயர் பெற்றது. காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதிவைத்து வருடக்கணக்கில் காத்திருந்து என் மாமனார் வாங்கியது. பம்பாயில் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபர் வரை ஓடியதால் இதன் இஞ்சின் சாமான், பிரேக் சாமான், ரப்பர் வகையறாக்கள் தேடினால் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் டாக்சிக்காரர்களுக்குப் பக்கவாட்டுப் பட்டையும் எழுத்துச் சின்னமும் தேவைப்படவில்லை; அவற்றைப் புதிதாகச் செய்து விற்பதில் யாருக்கும் லாபமும் இருக்கவில்லை. அதனால் இந்த வண்டிகளில் இன்று மிக அரிதான பொருள் இஞ்சினுக்குள் கிடையாது, வெளியே எல்லோர் கண்ணிலும் படும்படி கதவில்தான் இருக்கிறது. நமக்கு முன்பே சில பட்டறைக்காரர்களுக்கு இது தெரிந்துவிட்டது என்பதுதான் சிக்கலின் வேர்.

நான் கேட்ட வேலை சிறியது. பட்டைகளில் ஆங்காங்கே விழுந்திருந்த நசுங்கலை எடுத்துப் பாலிஷ் போட வேண்டும், வெளிறிய எழுத்துச் சின்னத்தையும் கதவுக் கைப்பிடிகளையும் சரிசெய்ய வேண்டும், முன் கண்ணாடி ரப்பரை மாற்ற வேண்டும். வண்டியை ஒப்படைத்த சில நாட்களில் பட்டறை உரிமையாளர் தொலைபேசியில் அழைத்து, கழற்றும்போதே பட்டைகள் உடைந்துவிட்டன, வயதாகிவிட்டதால் உலோகம் பொடிந்துபோயிருக்கிறது, முலாமும் முழுவதும் போய்விட்டது என்றார். "ஏனுங்கண்ணா, அம்பது வருசத்துத் தகரத்த வெச்சுக்கிட்டு என்னங்க பண்ணப் போறீங்க? பம்பாய்ல இருந்து ஒரிஜினல் ஓல்டு ஸ்டாக் செட்டு ஒண்ணு வந்திருக்குதுங்க, உங்க யோகம்" என்று அவர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. பட்டைகளுக்கு மட்டும் 26,500 ரூபாய். உடைந்ததாகச் சொன்ன பழைய பட்டைகளை எடுத்து வையுங்கள் என்று அப்போதே சொன்னேன், வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினேன். வண்டியை எடுக்கப் போனபோது, அவை பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டதாகப் பதில் வந்தது.

அவர் தொலைபேசியில் சொன்ன மூன்றில் ஒன்றுகூட உண்மையாக இருக்க வழியில்லை. அந்தப் பட்டைகள் எவர்சில்வர். எவர்சில்வருக்கு முலாம் என்று ஒன்று பூசப்பட்டிருப்பதில்லை. உலோகத்தில் கலந்திருக்கும் குரோமியமே மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது, கீறல் விழுந்தாலும் காற்றுப்பட்டு அந்தப் படலம் தானாக மீண்டும் உருவாகிவிடுகிறது. ஆகவே போவதற்கு முலாமே இல்லை. வயதானதால் அது பொடிந்து போவதும் இல்லை. அப்படியிருந்தால் நம் பாட்டிமார் காலத்துக் குடமும் தூக்குப்போசியும் இந்நேரம் கையோடு உதிர்ந்திருக்க வேண்டும். பட்டை மெல்லியது என்பதால் அவசரமாக நெம்பினால் மடங்கும், மடங்கியதை நிமிர்த்தத் தெரிந்தவர் நிமிர்த்திவிடுவார். எல்லாக் கதவிலும் எல்லா மட்கார்டிலும் இருந்த பட்டைகள் ஒன்றுவிடாமல் உடைந்தன என்பது கேட்கவே பொருந்தாத கதை.

புதிய பட்டைகள் பார்வைக்கு மிகவும் பளபளப்பாக இருந்தன, சற்று நீலம் கலந்த பளபளப்பு. எவர்சில்வரின் மினுக்கம் சற்றே மங்கலான, வெதுவெதுப்பான வெண்மை கொண்டது. குரோமியம் முலாமுக்குத்தான் அந்த நீலச்சாயை வரும். வீட்டுக்கு வந்து வெயிலில் நிறுத்தியதும் ஐயம் வலுத்தது. காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டியது. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: காந்தம் ஒட்டிவிட்டது என்பதற்காக உடனே இரும்பு என்று முடிவுகட்ட வேண்டாம். பாத்திரங்களுக்குப் பயன்படும் 304 வகையில் காந்தம் ஒட்டாது என்றாலும், கார்ப் பட்டைகளுக்கு உலகெங்கும் பயன்பட்டுவந்த 430 வகை எவர்சில்வரில் நன்றாகவே ஒட்டும். பட்டறைக்காரரும் நான் கேட்டபோது இந்தப் பதிலைத்தான் சொன்னார், அதுவரைக்கும் அவர் சொன்னது சரி. காந்தத்தைவிட நம்பகமான சோதனை தென்னந்தோப்பு உள்ள எவர் வீட்டிலும் இருக்கும் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். பூஞ்சை நோய்க்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்கு வாங்கி வைத்திருப்பதில் சிறிது எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பட்டையின் பின்புறத்தில், முலாம் படாத வெட்டு விளிம்பில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இரும்பாக இருந்தால் சில நிமிடங்களில் அந்த இடம் செம்பு நிறமாகும். எவர்சில்வரில் அப்படி ஆகாது. என் காரின் பட்டைகள் விளிம்பு முழுவதும் செம்பாகச் சிவந்தன.

வழக்குக்கு இது மட்டும் போதாது என்பதால் ஒரு துண்டைக் கழற்றி ஸ்பெக்ட்ரோ சோதனைக்குக் கொடுத்தேன். வார்ப்படத் தொழில் நிறைந்த கோவையில் உலோகக் கலவையைச் சோதித்து எழுத்தில் அறிக்கை தரும் ஆய்வுக்கூடங்களைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. இந்த ஊரில் பழைய கார் வைத்திருப்பவருக்கு இருக்கும் ஒரு வசதி என்றே இதைச் சொல்வேன். எவர்சில்வர் என்று சொல்ல வேண்டுமானால் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதமாவது இருக்க வேண்டும். முலாமைத் தேய்த்துவிட்டுச் சோதித்த அந்தத் துண்டு சாதாரண இரும்புத் தகடு என்று அறிக்கை வந்தது.

முலாமும் ஒழுங்கான முலாம் இல்லை. இரும்பின் மீது அலங்கார முலாம் பூசும்போது துருவைத் தடுக்கும் வேலையைச் செய்வது அடியில் இருக்கும் நிக்கல் படலம்தான். மழையிலும் வெயிலிலும் நிற்கும் பொருளுக்கு அது இருபது, முப்பது மைக்ரான் கனத்தில் இருக்க வேண்டும், அதன் மேல் வரும் குரோமியம் அரை மைக்ரான்கூட இருப்பதில்லை. நிக்கலை ஒப்புக்குத் தொட்டுவிட்டு மேலே குரோமியத்தைப் பூசினால் முதல் நாள் பளபளப்பில் எந்த வேறுபாடும் தெரியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடி மாதச் சாரல் பொள்ளாச்சியில் அடிக்கத் தொடங்கியதுமே வேறுபாடு தெரிந்துவிட்டது. பட்டைகள் முழுவதும் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் எழும்பின.

பட்டை போனதைவிடக் கதவுக்கு நேர்ந்ததுதான் எனக்குக் கூடுதல் வருத்தம். அசல் பட்டையின் இரண்டு ஓரங்களும் உள்நோக்கி மடிந்திருக்கும். அந்த மடிப்பில் சிறு கிளிப்புகள் நழுவி உட்கார்ந்து, கதவில் கம்பெனியே போட்டிருக்கும் துளைகளில் பிடித்துக்கொள்ளும். இவர்கள் போட்ட தகட்டில் மடிப்பே இல்லை. எனவே கதவிலும் மட்கார்டிலும் புதிதாகத் துளையிட்டு, செல்ஃப் ஸ்க்ரூ முடுக்கி, அதன் தலை தெரியாதபடி சிலிக்கான் பசை வைத்து முலாம் நிறப் பெயிண்டைத் தொட்டிருந்தார்கள். துளையிட்ட ஓரங்களில் பிரைமர் எதுவும் கிடையாது. ஒரு ஸ்க்ரூவின் முனை உள்ளே நீண்டிருந்ததால் இடது பின் கதவுக் கண்ணாடியை இறக்கும்போதெல்லாம் அதில் உரசி நெடுக ஒரு கீறல் விழுந்திருக்கிறது. பயன்படுத்திய சிலிக்கானும் புளித்த காடி நெடி அடிக்கும் வகை. அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், அடியில் பெயிண்ட் இல்லாத இரும்பு இருந்தால் அரித்துவிடும். கண்ணாடி மீன்தொட்டிக்கு உகந்த பசையைக் கார்க் கதவுக்கு வைப்பவரிடம் வேறு எதையும் எதிர்பார்க்க முடியாது. கழற்றிப் பார்த்தபோது ஒவ்வொரு துளையைச் சுற்றியும் துரு வளையம் கட்டியிருந்தது. அவற்றைச் சுரண்டி, துண்டு வைத்து அடைத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடிக்க இன்னொரு டிங்கருக்குக் கொடுத்த கூலி, முதல் பட்டறைக்காரர் பட்டைக்கு வாங்கிய தொகையைத் தாண்டிவிட்டது.

கைப்பிடிகளின் கதை சுருக்கமானது. அந்தக் காலத்துக் கைப்பிடிகளும் எழுத்துச் சின்னங்களும் பெரும்பாலும் துத்தநாக வார்ப்பு. பழைய முலாமை உரிக்க இரும்பை முக்குவதுபோல அவற்றைக் கடும் அமிலத்தில் முக்கினால் அடி உலோகமே கரைந்துவிடும். என்னுடையவை அப்படித்தான் குழிகுழியாகத் திரும்பி வந்தன. சின்னத்துக்குப் பதிலாக, முலாம் பூசிய பிளாஸ்டிக் எழுத்துகளை ஒட்டியிருந்தார்கள். நகத்தால் தட்டினாலே ஓசையில் தெரிந்துவிடும்.

கேட்கப் போனபோது நடந்த உரையாடலில் பதிவு செய்ய வேண்டியது ஒன்றுதான். என் மாமனாரிடம் இருந்த ஓட்டுநர், பட்டைகளை எப்போதோ கழற்றி மாட்டியபோது இடம் மாறிவிடாமல் இருப்பதற்காக ஒவ்வொன்றின் உட்பக்கத்திலும் 'இ.மு', 'வ.மு', 'இ.பி', 'வ.பி' என்று ஆணியால் கீறி வைத்திருந்தார். வண்டியை ஒப்படைப்பதற்கு முன் கிளிப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு கதவின் பட்டையைக் கழற்றியபோது அந்த எழுத்துகளையும் சேர்த்துப் படம் எடுத்திருந்தேன். அதைக் காட்டியதும் பட்டறைக்காரர், இப்போது வண்டியில் இருப்பவையும் உங்கள் பட்டைகள்தான், பஃப்பிங் (சுழலும் துணிச் சக்கரத்தில் மெருகேற்றுவது) போட்டதில் எழுத்து அழிந்துவிட்டது என்று பேச்சை மாற்றினார். உடைந்துபோனதாகவும் புதிய செட் வாங்கியதாகவும் பில் கொடுத்தவர் இதைச் சொன்னார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பட்டையின் உட்பக்கத்துக்கு எவரும் பஃப்பிங் போடுவதில்லை. மடிப்புக்குள் பஃப் சக்கரம் நுழையவும் நுழையாது.

வழக்கறிஞர் அறிவிப்பு போன பிறகு கூலியில் ஒரு பகுதியைத் திருப்பித் தர முன்வந்தார், பட்டைகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் முதலில் புகாரைப் பதிவு செய்துகொள்வதும் நல்லது. எனக்குக் கைகொடுத்தவை, 'ஒரிஜினல் பீடிங் செட்' என்று எழுதிய பில்லும், பழைய பட்டைகளைக் கேட்ட வாட்ஸ்அப் செய்தியும், ஆய்வுக்கூட அறிக்கையும். வெறும் துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதித் தரும் இடங்களில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். கழற்றும் பொருள் எந்த நிலையில் இருந்தாலும் உரிமையாளரிடம் திருப்பித் தரப்படும் என்று வேலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அதை எழுதத் தயங்குபவர் எதற்காகத் தயங்குகிறார் என்று யோசியுங்கள்.

பட்டைகளை நீங்களே கழற்றி, பட்டைகளை மட்டும் எடுத்துச் செல்வது இன்னும் உத்தமம். பம்பர் இரும்பு, அதற்கு முலாம் பட்டறை தேவை. செம்பு, நிக்கல், குரோமியம் மூன்றும் பூசுவார்களா என்று கேட்டுக் கொடுங்கள். எவர்சில்வர் பட்டைக்கு முலாம் பட்டறையே தேவையில்லை. கோவையில் வெட்கிரைண்டர் டிரம்களுக்கும் பாத்திரங்களுக்கும் பஃப்பிங் போடுபவர்கள் இந்த உலோகத்தை நாள்தோறும் கையாள்பவர்கள். நசுங்கலை உட்பக்கத்திலிருந்து, கெட்டியான மரக்கட்டை மீது வைத்து, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி எடுத்து, 320, 600, 1000 எண் எமரித் தாள்களால் வரிசையாகத் தேய்த்துவிட்டுக் கொடுத்தால் மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் பட்டையை ஒரு மரச்சட்டத்தில் இறுக்கி அதன் பிறகே சக்கரத்தில் காட்டச் சொல்ல வேண்டும். கையில் பிடித்துக் காட்டினால் பஃப் சக்கரம் மெல்லிய பட்டையைப் பிடுங்கிச் சுருட்டி வீசிவிடும், ஆளுக்கும் காயம். பானெட்டின் நடுப்பட்டையை மட்டும் நான் பட்டறைக்குக் கொடுக்காமல் வீட்டில் வைத்திருந்தேன். அதை இவ்வாறு செய்து வாங்க 300 ரூபாய் ஆனது.

பக்கவாட்டுப் பட்டைகள் எங்கோ ஓரிடத்தில் விற்பனைக்கு வந்திருக்கும் அல்லது இனி வரும் என்றே நம்புகிறேன். உட்பக்கத்தில் ஆணிக்கீறலாக அந்த நான்கு தமிழ்க் குறியீடுகளும், இடது முன் கதவுப் பட்டையின் பின் முனையில் நெல்மணி அளவு ஒரு வெடிப்பும் இருக்கும். கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடைகளிலோ வேறு எங்குமோ ஃபியட் 1100 பட்டைகளை யாராவது உங்களுக்குக் காட்டினால் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த அடையாளங்கள் இருந்தால் படம் எடுத்து இந்தப் பதிவின் கீழ் போடுங்கள்.