கொழும்பில் மரதன் ஓடக் காசு கட்டுவதற்கு முன் ஒருக்கா இதை வாசியுங்கள்

மார்ச் மாதம் கொழும்பில் ஒரு மரதன் ஓட்டத்துக்கு 8,500 ரூபா கட்டினேன். கடைசிப் பதினைந்து கிலோமீற்றருக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. கூட ஓடிய பெடியனை மீன்காரரின் ஐஸைக் கொட்டித்தான் காப்பாற்றினோம். நடத்தியவர்களின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பிரயோசனமில்லை, அடுத்த முறை வேறு பெயரில் வருவார்கள். எப்படி ஏமாந்தோம் என்பதைச் சொல்கிறேன்.

விளம்பரத்தில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது. விடிய 4.30க்குத் தொடக்கம், இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு இடத்தில் தண்ணீர், ஈரத்துவாய், ஐஸ், வைத்தியர்கள், சர்வதேச முறைப்படி அளந்த பாதை. காசு கட்டச் சொன்ன கணக்கு மட்டும் ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். ஆனால் ஆறு வருடமாக விடிய விடிய வெள்ளவத்தைக் கடற்கரையில் ஓடுகிறவனுக்கு, வீட்டு வாசலால் ஒரு முழு மரதன் போகிறது என்றால் மனம் கேட்குமா? எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடிப் பெடியனையும் நான்தான் சேர்த்துவிட்டேன். "அண்ணா, நீங்கள் ஓடினால் நானும் வாறன்" என்றான். அவனுக்கு இருபத்துநான்கு வயது, முதல் மரதன்.

காலி முகத்திடலுக்கு நாங்கள் நாலு மணிக்கே போய்விட்டோம். நாலரை ஆனது, ஐந்தும் ஆனது. பிரதம அதிதி வரவில்லையாம். ஐந்தேகாலுக்கு வந்தார். பிறகு குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். கடற்காற்றில் திரி நிற்குமா? ஒருவர் பதாகையைப் பிரித்து மறைத்துப் பிடிக்க, இன்னொருவர் தீப்பெட்டியும் கையுமாக ஐந்து தரம் ஏற்றினார், ஐந்து தரமும் அணைந்தது. பக்கத்தில் நின்ற வயதான ஓட்டக்காரர் ஒருவர், "விளக்கு அணையட்டும் தம்பி, வெயில்தான் ஏறப்போகுது" என்றார். பிறகு இரண்டு பேச்சு. 5.50க்குத்தான் ஓடவிட்டார்கள்.

ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம் பிந்தியதற்கு இவ்வளவு கோபமா என்று சிலர் கேட்டார்கள். கொழும்பில் அதுதான் முழுக்கணக்கும். இங்கே காற்றில் ஈரம் அதிகம். வேர்வை சிந்துவதால் உடம்பு குளிர்வதில்லை, அந்த வேர்வை காய்ந்தால்தான் குளிரும். ஈரக்காற்றில் அது காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், சூடு உள்ளேயே நிற்கும். விடியப்புறம் வெயிலாவது இல்லை. ஆறேகாலுக்குச் சூரியன் வந்த பிறகு மரின் டிரைவ் கடற்கரை வீதியில் ஒதுங்கிக்கொள்ள ஒரு மரநிழல்கூடக் கிடையாது. 2019இல் டோஹாவில் உலகத் தடகளப் போட்டியின் பெண்கள் மரதனை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் வைத்தார்கள். அப்படியும் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக் மரதனை வடக்கே சப்போரோவுக்கே கொண்டுபோனார்கள், அங்கேயும் சூடென்று பெண்கள் ஓட்டத்தை ஏழு மணியிலிருந்து ஆறு மணிக்கு முன்தள்ளினார்கள். உலகத்தின் முதல்தர ஓட்டக்காரருக்கே இப்படி. நாங்கள் கந்தோருக்குப் போய்வந்து மிச்ச நேரத்தில் ஓடுகிற ஆட்கள், ஐந்து மணித்தியாலம் வெயிலில் நிற்கிறவர்கள்.

பாதை காலி முகத்திடலிலிருந்து தெஹிவளைப் பக்கம் போய்த் திரும்புவது, இரண்டு சுற்று. முதல் சுற்றில் தண்ணீர் இருந்தது. இரண்டு கிலோமீற்றருக்கு ஒன்று என்றது பொய், நான் எண்ணியது போகவர நாலே இடம். சரி, சமாளிக்கலாம் என்று ஓடினேன். பத்துக் கிலோமீற்றர்க்காரரும் குடும்ப நடைக்காரரும் அதே மேசைகளில்தான் குடித்தார்கள். சிலர் ஆளுக்கு மூன்று கோப்பை எடுத்துத் தலையில் ஊற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, வெயில் அப்படி. எத்தனை பேர் பதிந்தார்கள், எத்தனை லீற்றர் வேண்டும் என்று கணக்குப் பார்க்க வேண்டியது காசு வாங்கினவர்கள்.

27ஆவது கிலோமீற்றரில் மேசை மட்டும் இருந்தது. கவிழ்ந்து கிடந்த 19 லீற்றர் போத்தல்கள், மிதிபட்ட காகிதக் கோப்பைகள், கதிரையில் பாடசாலை வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர். "அங்கிள், முடிஞ்சுது. கோல் எடுத்தோம், எடுக்கினமில்லை" என்றாள் ஒருத்தி. பிறகு தன் பையைத் திறந்து, பாதி குடித்திருந்த தன் போத்தலை நீட்டினாள். வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளைக்கும் அன்று சாப்பாடு வரவில்லை என்று பிறகு தெரிந்தது.

33ஆவது கிலோமீற்றரில், தெஹிவளையில் திரும்பி வெள்ளவத்தையை நோக்கி வரும்போது, பெடியன் வீதியின் நடுவுக்குப் போனான். "இஞ்சால வாடா" என்றேன். திரும்பிப் பார்த்து, "சேர், நாளைக்கு லீவு தாங்கோ" என்றான். முதலில் பகிடி என்றுதான் நினைத்தேன். கண் என்னில் நிற்கவில்லை. அடுத்த பத்து அடியில் கால் பின்னி விழுந்தான்.

இதைக் கவனமாக வாசியுங்கள். வேர்வை நின்றுபோனால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று நான் நினைத்திருந்தேன். ஓடுகிறவர்களுக்கு அப்படியில்லை, பெடியனின் பெனியன் அப்போதும் பிழிந்தால் சொட்டும். உடம்புச் சூடு 40 பாகைக்கு மேல் போய், பேச்சும் புத்தியும் தடுமாறினால் அதுதான் அடையாளம். முதல் அரை மணித்தியாலத்துக்குள் உடம்பைக் குளிர்த்திவிட வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ஏற்றுவதும் அதற்குப் பிறகுதான்.

முதலுதவிப் பந்தல் நூறு மீற்றரில் இருந்தது. பந்தல் என்றால் ஒரு குடை, ஒரு மேசை, பிளாஸ்டர், பஞ்சு, தலையிடித் தைலம். வைத்தியர் இல்லை. இருந்தவர் தைலத்தை நெற்றியில் தேய்க்கத் தொடங்கினார். ஐஸ் கேட்டதும், "சுடுற உடம்புக்கு ஐஸ் வைச்சா ஜன்னி வரும்" என்றார். எனக்கு வந்த கோபத்தை எழுத ஏலாது.

ஐஸ் எதிர்ப்பக்கம் இருந்தது. வீதியோரத்தில் மீன் விற்கும் ஒருவர், ரெஜிபோம் பெட்டியில் பாரையும் சூரையும் வைத்திருந்தார். எனக்குச் சிங்களம் அரைகுறை, விளக்கவும் தேவைப்படவில்லை. ஓடி வந்து பார்த்தவர் திரும்பிப் போய் மீன்களை அள்ளிப் பலகையில் போட்டுவிட்டு, பெட்டியை அப்படியே தூக்கி வந்து பெடியனின் கழுத்து, கக்கம், தொடை இடுக்கு எல்லாம் ஐஸைக் கொட்டினார். பெட்டிக்குள் உருகிக் கிடந்த தண்ணீரில் சாரத்தை நனைத்து நெஞ்சில் போட்டார். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்ததும் அவர்தான். அம்புலன்ஸ் வரும்போது பெடியன் என்னை "அண்ணா" என்றான். களுபோவில ஆஸ்பத்திரியில் ஒரு இரவு வைத்திருந்தார்கள். ஐஸ் போட்டது யார் என்று வைத்தியர் கேட்டார், மீன் மணத்திலேயே பாதி விளங்கியிருக்கும்.

பதக்கம் பிறகு கூரியரில் வந்தது. அதில் 42.159 கி.மீ. என்று பொறித்திருக்கிறது. மரதன் 42.195. சர்வதேச முறைப்படி அளந்தவர்களாம்.

காசைத் திருப்பிக் கேட்டேன். இயற்கை அனர்த்தத்துக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று நிபந்தனையில் இருக்கிறதாம். மார்ச் மாதம் கொழும்பில் வெயில் அடிப்பது இயற்கை அனர்த்தமாம். அவர்களின் இணையப் பக்கத்தில் எழுதினேன், ஒரு மணித்தியாலத்தில் அழித்துத் தடுத்துவிட்டார்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அவர்களின் இலக்கம் 1977. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷொட்டும் வங்கிச் சிட்டையும் வைத்திருந்ததால்தான் அதுவும் முடிந்தது. பற்றுச்சீட்டு என்று அவர்கள் எதுவும் தரவில்லை. ஆகவே பதிந்த அன்றே எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள், பிறகு அந்தப் பக்கத்தில் வசனங்கள் மாறும்.

காசு கட்டுமுன் கேட்கவேண்டியதும் சிலது இருக்கிறது. தண்ணீர் எந்தெந்த இடத்தில், கடைசி ஆள் வரும்வரை இருக்குமா? முழுகவைக்கிற அளவுக்கு ஐஸும் தொட்டியும் யாரிடம்? தொடக்கம் பிந்தினால் தூரத்தைக் குறைப்பார்களா? நல்ல ஏற்பாட்டாளர் என்றால் இதற்கெல்லாம் வாயில் பதில் இருக்கும். அப்படியும் பிழை நடக்கலாம், 2007இல் சிக்காகோ மரதனில் வெயிலில் தண்ணீர் போதாமல் இடைநடுவில் ஓட்டத்தையே நிறுத்தினார்கள். அங்கே நிறுத்தவாவது ஆள் இருந்தது. உங்கள் பாட்டுக்கு ஒரு போத்தலும், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புப் பொட்டலமும் இடுப்பில் இருக்கட்டும். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மிஞ்சிக் குடித்தாலும் இரத்தத்தில் உப்புக் குறைந்து ஆளை விழுத்தும்.

போன கிழமை அதே ஆட்கள் புதுப்பெயரில் இன்னொரு ஓட்டத்துக்கு விளம்பரம் போட்டிருக்கிறார்கள். இலச்சினை புதிது, படம் பழையது. படத்தின் ஓரத்தில் என் முழங்கையும் தெரிகிறது. பெடியனின் போனிலிருந்து, எத்தனை இடத்தில் தண்ணீர் வைப்பீர்கள் என்று கேட்டோம். இன்பொக்ஸைப் பாருங்கள் என்று பதில் வந்தது. இன்பொக்ஸில் வங்கிக் கணக்கு இலக்கம் இருந்தது.