கட்டார் போன், கனடா போன், ஜப்பான் போன்: மட்டக்களப்பு சிக்னலுக்கு எது ஒத்துவரும்?

வெளிநாட்டிலிருந்து போன் அனுப்புகிறவர்கள் "அன்லொக் போன்தான், எந்த சிம்மும் வேலை செய்யும்" என்றுதான் சொல்வார்கள். காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று பக்கம் அது கட்டார், சவூதியிலிருந்து வரும். மட்டக்களப்பு நகரத்துக்குக் கனடா, லண்டன், சுவிஸிலிருந்து வரும். ஆனால் லொக் இல்லை என்றால் வேறு கம்பனியின் சிம்மைப் போன் மறுக்காது, அவ்வளவுதான். அந்தக் கம்பனியின் டவர் பேசும் அலைவரிசை போனுக்குள் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. போனின் விலையையே தீர்மானிக்க வேண்டிய கேள்வி அது என்பது என் எண்ணம்.

இலங்கையில் 4ஜி பெரும்பாலும் 1800 மெகாஹேர்ட்ஸில் ஓடுகிறது. போனின் விவரப் பட்டியலில் அதை பாண்ட் 3 என்று போடுவார்கள். அதோடு 2100, அதாவது பாண்ட் 1, பிறகு 900, அதாவது பாண்ட் 8. பழைய 2ஜி அழைப்புகளும் 900, 1800 இரண்டிலும்தான்.

எங்கள் பக்கத்துக்கு இந்த 900 ரொம்ப முக்கியம். கல்லடியிலோ கல்முனை பஜாரிலோ டவர்கள் நெருக்கமாக இருப்பதால் 1800 மட்டும் போதும். வாவியைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போனால் கதை வேறு. கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி பக்கம் வயல்வெளி அகன்று கிடக்கும், டவருக்கும் வீட்டுக்கும் தூரம் கூடும். அதே தூரத்தில், அதே சக்தியில் அனுப்பினால் 900க்குக் கிடைக்கும் சிக்னலில் கிட்டத்தட்ட கால்வாசிதான் 1800க்குக் கிடைக்கும். சுவருக்குள் நுழைவதிலும் 900தான் மேல். ஆகவே பாண்ட் 8 இல்லாத போன் டவுனில் நன்றாக வேலை செய்துவிட்டு, வயலுக்குள் போனதும் 4ஜியை இழக்கும், சிலவேளை "நோ சேர்விஸ்"கூடக் காட்டும். ஆட்கள் சிம்மைக் குற்றம் சொல்லிக் கம்பனி மாற்றுவார்கள்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வளைகுடாவில் வாங்கிய போனைத்தான் நான் முதலில் வைப்பேன். அங்கேயும் 900, 1800, 2100 மூன்றும் பாவனையில் இருப்பதால் அலைவரிசையில் சண்டையே இல்லை. சம்சுங் வாங்குகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில மொடல்களில் பிராந்திய லொக் இருக்கும், பெட்டியிலேயே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அந்தப் பிராந்தியத்தின் சிம்மைப் போட்டு ஐந்து நிமிடம் அழைப்பு எடுத்தபிறகுதான் மற்ற நாட்டு சிம் ஏறும். டோஹாவில் இருக்கும்போதே அந்த அழைப்பை எடுத்து முடித்துவிடச் சொல்லுங்கள். பெட்டி உடைக்காமல் கொண்டுவந்து தருவது மரியாதைதான், ஆனால் இதில் அது வேலைக்கு ஆகாது.

லண்டன், சுவிஸ் போன்களும் கிட்டத்தட்ட அதே கணக்கு. பிரித்தானியாவில் 2021 டிசம்பரிலிருந்து லொக் போட்டு விற்கவே தடை. அதற்கு முந்திய பழைய போன் என்றால் மட்டும் கேட்டுப் பார்க்கலாம்.

கனடா, அமெரிக்காவில்தான் உண்மையான சிக்கல். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து லொக் இல்லாமல்தான் விற்க வேண்டும் என்பது சட்டம். அதனால் "அன்லொக்" என்பது பொய்யில்லை. ஆனால் வட அமெரிக்காவின் 4ஜி பாண்ட் 2, 4, 5, 12, 66 என்று வேறு எண்களில் நிற்கிறது. ஐபோன், சம்சுங் எஸ் வரிசை போன்ற விலை கூடியவற்றில் உலகத்து பாண்ட் எல்லாம் சேர்த்திருப்பதால் பயமில்லை. அமெரிக்காவில் ப்ரீபெய்ட் கம்பனிகளுக்காகச் செய்யும் மலிவுப் போன்களில் பாண்ட் 3ஓ 8ஓ இல்லாமல் போவதுண்டு. இரண்டும் இல்லாத ஒன்று வந்தால் டேட்டாவுக்குப் பெரும்பாலும் வைஃபையைத்தான் நம்ப வேண்டும். சம்சுங் மொடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: யூ என்றால் அமெரிக்கா, டபிள்யூ என்றால் கனடா, பெரும்பாலும் பி என்றால் எங்களுக்குத் தோதான சர்வதேச மொடல்.

ஜப்பான் பாவித்த போன் விலையைக் கேட்டால் ஆசை வரும். அங்கே ஒவ்வொரு கம்பனியும் தன் அலைவரிசைக்கே ஆண்ட்ரோயிட் போனைச் செய்து வாங்கி வந்தது. டொகோமோ விற்றவற்றில் பல பாண்ட் 1, 3 பிடிக்கும், 8 பிடிக்காது. சொஃப்ட்பேங்க் போனில் 8 இருக்கும், ஏனென்றால் அதன் சொந்த அலைவரிசையே 900. டவுனிலேயே இருக்கிறவருக்கு டொகோமோ போன் பரவாயில்லை, படுவான்கரையில் இருக்கும் வவுணதீவுக்காரருக்கு நான் சொல்லமாட்டேன். 2021 ஒக்டோபருக்கு முன் விற்றது என்றால் லொக்கையும் பார்க்க வேண்டும். பல மொடல்களில் கமரா சத்தத்தை நிறுத்த முடியாது என்பதும் ஒன்று.

புதிய ஐபோன்களில் அலைவரிசை பிரச்சினை இல்லை, சிம் தட்டுத்தான் பிரச்சினை. அமெரிக்காவில் 14ஆம் வரிசையிலிருந்தே தட்டு கிடையாது. 17ஆம் வரிசையில் கனடா, ஜப்பான், கட்டார், சவூதி, அமீரகம் எல்லாம் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. வயதான அம்மாவுக்கு அனுப்பும் போன் என்றால், இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) ஏற்றிக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

எல்லா பாண்டும் இருந்தும் அழைப்பு எடுக்கும்போது 4ஜி போய் 2ஜி வருகிறதா? பெரும்பாலும் உங்கள் கம்பனியின் வோல்டி அமைப்பு, அதாவது 4ஜியிலேயே அழைப்பு எடுக்கும் வசதி, அந்த மொடலுக்குத் திறக்கப்படவில்லை என்று அர்த்தம். பேசும் நேரத்தில் டேட்டா நிற்கும். இது ஒரு கம்பனியில் வேலை செய்து இன்னொன்றில் வேலை செய்யாமலும் இருக்கும், ஆகவே வீட்டில் உள்ள எல்லா சிம்மையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2025 ஜனவரி கடைசியிலிருந்து பதிவில்லாத புதிய போன்களுக்கு நெட்வேர்க் கிடைக்காது என்று அறிவித்தது. அதனால் பணம் அனுப்ப முன்பே பெட்டியில் உள்ள மொடல் எண்ணையும் ஐஎம்இஐ எண்ணையும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மொடல் எண்ணை வைத்து பாண்ட் பட்டியலில் 1, 3, 8 மூன்றும் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஐஎம்இஐ என்று அடித்து, இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தை 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பதிவு நிலை தெரியும்.