பாஸ்டன் புரூயின்ஸ் 2022-23: சாதனையும் சறுக்கலும்

புரூஸ் காசிடி நீக்கப்பட்டபின் பாஸ்டன் புரூயின்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற ஜிம் மாண்ட்கோமரியின் முதல் பருவம், பார்ப்பவர் செலவிட்ட நேரத்துக்கு ஏப்ரல் வரை முழு மதிப்பைத் தந்தது. 82 ஆட்டங்களில் 65 வெற்றிகள், 135 புள்ளிகள், இரண்டுமே வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.-இன் சாதனைகள். தற்காப்பு வீரர்களும் துணிந்து தாக்குதலில் சேர்ந்துகொள்ள அவர் இடமளித்ததே ஆட்டத்தின் சுவையைக் கூட்டியது என்பேன். டேவிட் பாஸ்டர்நாக் 61 கோல்கள் அடித்தார். வெற்றி பெற்றதும் கோல் காப்பாளர்கள் லினஸ் உல்மார்க்கும் ஜெரமி ஸ்வேமனும் அந்தப் பருமனான காப்புக் கவசங்களோடு கட்டித் தழுவிக்கொள்ளும் காட்சிக்காகவே கடைசிவரை உட்கார்ந்திருக்கலாம்.

குறை, லீக் ஆட்டங்களுக்குப் பின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளில்தான். ஃபுளோரிடா பாந்தர்ஸுக்கு எதிரான முதல் சுற்றில், நான்கு வெற்றிகள் தேவைப்பட்ட நிலையில், ஆட்டக் கணக்கில் 3-1 என முன்னிலை பெற்றிருந்தும் பாஸ்டன் வெளியேறியது. இரு கோல் காப்பாளர்களையும் மாற்றி மாற்றி இறக்கி, பருவம் முழுவதும் பலன் தந்த சுழற்சி முறையைக் கைவிட்டு, முதல் ஆறு ஆட்டங்களிலும் உல்மார்க்கையே களமிறக்கிய முடிவு எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஸ்வேமன் களமிறங்கிய ஏழாவது ஆட்டத்தில், பாஸ்டன் 3-2 என முன்னிலையில் இருக்கையில், ஒரு நிமிடத்துக்கும் குறைவாக எஞ்சியிருந்தபோது ஃபுளோரிடாவின் பிராண்டன் மாண்டூர் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் அதே அணியின் கார்ட்டர் வெர்ஹேகியின் கோலுடன் எல்லாம் முடிந்தது. சிறந்த பயிற்சியாளருக்கான ஜாக் ஆடம்ஸ் விருது பின்னர் மாண்ட்கோமரிக்கே கிடைத்தது. லீக் ஆட்டங்களை மட்டும் கணக்கிட்டால் அது பொருத்தமே.