யுங்ஃபிராவ் மலைப்பக்கம் நடக்கப் போனால் எந்த ஊரில் தங்குவது?

சுவிட்சர்லாந்தில் யுங்ஃபிராவ் பக்கம் போகிறேன் என்று சொன்னதுமே எல்லாரும் கைகாட்டுவது இண்டர்லாகனை. ஊரில் கடை, இந்திய உணவகம், ரயில் எதற்கும் குறையில்லை. ஆனால் அது இரண்டு ஏரிகளுக்கு நடுவே 567 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நல்ல நடைபாதைகள் பலவும் தொடங்குவது 2,000 மீட்டருக்கு மேலே. தினமும் அவ்வளவு தூரம் ஏறி இறங்குவதிலேயே பாதி நாள் போய்விடும். ஒரே நாளில், ரயில் ஏறிப் போகும் உயரமான பனிக் கணவாயான யுங்ஃபிராவ்யோக் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்குச் சரி, ஒரு வாரம் நடக்க வருகிறவர்களுக்கு வேண்டாம்.

மிச்சம் நாலு ஊர்: லாட்டர்புரூனன், மியூரன், கிரிண்டல்வால்ட், வெங்கன். நாங்கள் தங்கியது வெங்கனில், இன்னொரு முறை போனாலும் அங்கேதான் தங்குவோம். அதனால் இதை நடுவர் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லாட்டர்புரூனன் பள்ளத்தாக்கின் அடியில், சுமார் 800 மீட்டரில் இருக்கிறது. இருபுறமும் செங்குத்துப் பாறைச்சுவர்கள். ஊருக்கு மேலேயே ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து ஸ்டாப்பாக் அருவி விழுகிறது. மற்ற ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் செலவு குறைவு. கூடாரம் போட இடமும் சமையலறையோடு வீடுகளும் கிடைக்கும், சோறு பொங்கி ரசம் வைத்துக்கொள்ளலாம். வெங்கனுக்குப் போகும் ரயில், மியூரன் பக்கம் ஏறும் கேபிள் கார் இரண்டும் இங்கிருந்தே கிளம்புகின்றன. குறை என்றால் வெயில்தான். பாறைச்சுவர் மறைத்துவிடுவதால் மாலை வெளிச்சம் சீக்கிரமே போய்விடுகிறது. அப்புறம் கூட்டம். பகலில் வந்து போகிறவர்களிடம் கட்டணம் வசூலிக்கலாமா என்று 2024இல் உள்ளூர் நிர்வாகமே யோசிக்கும் நிலை வந்தது. மழை நாளுக்கு மட்டும் இதைவிட நல்ல இடம் இல்லை. மலைக்குள்ளேயே பாய்ந்து இறங்கும் ட்ரூமெல்பாக் அருவி, பள்ளத்தாக்கின் கோடியில் உள்ள ஸ்டெஷெல்பெர்க் வரைக்குமான சமதரை நடை இரண்டுக்கும் மேகம் ஒரு பொருட்டே இல்லை.

காட்சியை மட்டும் வைத்து முடிவு செய்வதென்றால் மியூரன்தான். சுமார் 1,640 மீட்டரில், பாறை விளிம்பில் உட்கார்ந்திருக்கும் ஊர். எதிரே ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. கேபிள் கார் வந்து சேரும் க்ரூட்ஷால்ப்பிலிருந்து வின்டரெக் வழியாக மியூரன் வரும் பாதை அந்தச் சுற்று வட்டாரத்தின் சுலபமான பாதைகளில் ஒன்று, ஆனாலும் வழியெங்கும் மூன்று சிகரமும் கூடவே வரும். அங்கே நான் இரவு தங்கியதில்லை, பகலில் போய் வந்ததோடு சரி. விடியற்காலையில் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று தங்கியவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் அங்கிருந்து எதிர்ப்பக்கம் ஐகருக்கு அடியில் உள்ள கிளைன ஷைடெக் கணவாய்க்குப் போக வேண்டுமென்றால் சின்ன ரயிலில் க்ரூட்ஷால்ப், கேபிள் காரில் லாட்டர்புரூனன், மறுபடி ரயில் என்று ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். மியூரன் பக்கமே நடந்துகொண்டிருப்பேன் என்பவருக்கு இது குறையே இல்லை.

என்னைப் பொறுத்தவரை இதில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நடந்து முடித்து, கால் ஓய்ந்த பிறகு அறைக்கு எப்படி வந்து சேர்வது? காலையில் எல்லா ஊரிலிருந்தும் உற்சாகமாகக் கிளம்பிவிடலாம். மாலை நாலரை மணிக்கு, முட்டி கெஞ்ச ஆரம்பித்த பிறகுதான் தங்கும் ஊரின் அருமை தெரியும். அங்கே மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் கிலோமீட்டர் போடுவதில்லை, நேரம்தான் போடுகிறார்கள். அந்த நேரத்தில் ஓய்வு சேராது. பலகை இரண்டு மணி நேரம் என்றால், படம் எடுத்து, பசுக்களை வேடிக்கை பார்த்து, கொண்டுபோன சப்பாத்தியைப் பிரித்துத் தின்று நடக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு மூன்றரை ஆகிவிடும். மலை உச்சிக் கேபிள் கார்களோ மாலையிலேயே நின்றுவிடுகின்றன. கடைசி வண்டிக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பதும் ஒரு நடையா?

வெங்கனில் இந்தத் தொல்லை இல்லை. ஊர் 1,274 மீட்டரில், பள்ளத்தாக்குக்கு மேலே ஒரு திண்ணை மாதிரி இருக்கிறது. காலையில் ஊரிலிருந்தே கேபிள் காரில் சில நிமிடங்களில் மென்லிஷன், 2,200 மீட்டருக்கு மேலே. அங்கிருந்து கிளைன ஷைடெக் வரை ஒன்றரை மணி நேரப் பாதை, பெரும்பாலும் மெல்லிய இறக்கம், ஐகரின் வடக்குச் சுவரை நோக்கியே நடக்கலாம். கிளைன ஷைடெக் 2,061 மீட்டர். அங்கே சூப் குடித்துவிட்டு வெங்கர்ன்ஆல்ப் வழியாகக் கீழே இறங்கினால் நேராக ஊருக்கே வந்துவிடலாம். திரும்பி வர எந்தக் கேபிள் காரும் தேவையில்லை. அதைவிட முக்கியம், இந்த இறக்கம் நெடுகப் பக்கத்திலேயே பல்சக்கர ரயில் ஓடுகிறது. வெங்கர்ன்ஆல்ப், ஆல்மென்ட் என்று நடுவில் நிலையங்கள். கால் போதும் என்றால் அங்கேயே ஏறிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் ஒருவர் ஏறினார், ஒருவர் நடந்தார், இரவுச் சாப்பாட்டுக்கு இருவரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். (1893இல் தொடங்கிய பாதை இது. நம் ஊட்டி ரயிலின் பல்சக்கர முறையை வகுத்த ரோமன் ஆப்ட்டும் சுவிஸ்காரர்தான், இது மட்டும் வேறு முறை.)

எதிரே மியூரன் பக்கம் நடந்துவிட்டு வந்தாலும் லாட்டர்புரூனனிலிருந்து கால் மணி நேரம் ரயில் ஏறினால் வீடு. அந்த ரயில் இரவு வரை ஓடும். காற்று பலமாக அடிக்கும் நாளில் கேபிள் கார்களை நிறுத்திவிடுவார்கள், ரயிலுக்கு அந்தக் கவலை குறைவு.

கிரிண்டல்வால்டுக்கும் இதில் ஓரளவு மதிப்பெண் கொடுத்தாக வேண்டும். ஐகர்கிளெட்ஷர் ரயில் நிலையத்தில் தொடங்கி வடக்குச் சுவரின் அடியை ஒட்டிப் போகும் பாதை ஆல்பிக்லனில் முடிகிறது. அங்கிருந்தும் ரயில் உண்டு. ஆனால் அது இறங்குவது க்ரூண்ட் என்ற பள்ளத்தில். ஊர் அதற்கு மேலே சுமார் 90 மீட்டர். இணைப்பு ரயில் உண்டென்றாலும் நாள் முழுக்க நடந்தவருக்கு அந்தக் கடைசி ஏற்றம் எரிச்சல்தான். ஊரும் சாலையோடு நீண்டு கிடப்பதால் விடுதி எந்த முனையில் என்பதைப் பொறுத்து இன்னும் கொஞ்சம் நடை. 2020 டிசம்பரில் ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் வந்த பிறகு, பகலில் அது கிளம்பும் முனையத்தில் யுங்ஃபிராவ்யோக் போகிற கூட்டம் நெரிகிறது.

வெங்கனில் தங்கி நான் இழந்தது கிரிண்டல்வால்டுக்கு மேலே உள்ள ஃபிர்ஸ்ட், பாக்ஆல்ப் ஏரிப் பக்கம். அங்கே போய் வர ஒரு முழு நாளும் ஒதுக்க வேண்டியிருந்தது. ஏரியும் அதற்கு மேலே உள்ள ஃபவுல்ஹார்ன் சிகரமும்தான் உங்கள் கனவு என்றால் கிரிண்டல்வால்டே நல்லது. வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்களுக்கும் அதுதான் சுலபம், விடுதி வாசல் வரை கார் போகும். வெங்கனில் வெளியூர்க் கார்களுக்கு இடமே இல்லை. காரில் வந்தால் லாட்டர்புரூனனில் நிறுத்திவிட்டு ரயில் ஏற வேண்டும். பல விடுதிகள் நிலையத்துக்கே மின்வண்டி அனுப்பிப் பெட்டிகளை ஏற்றிக்கொள்கின்றன, முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

பயணச்சீட்டு பற்றி ஒரு வார்த்தை. நாடு முழுவதற்குமான சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் வெங்கன், மியூரன், கிரிண்டல்வால்ட் மூன்றுக்கும் தனியாகக் கட்டணம் இல்லை. அதற்கு மேலே கிளைன ஷைடெக், மென்லிஷன் எல்லாம் தள்ளுபடி மட்டும்தான். தினமும் மேலே ஏறி நடப்பவருக்கு இந்த வட்டாரத்துக்கு மட்டுமான யுங்ஃபிராவ் டிராவல் பாஸ் கட்டுப்படியாகலாம். மியூரனுக்கு மேலே உள்ள ஷில்ட்ஹார்ன் சிகரத்துக்குப் போகும் கேபிள் கார் மட்டும் வேறு கம்பெனி, அதற்குத் தனிக் கணக்கு.

நான் சொன்னதெல்லாம் கோடைக்கானது, குளிர்காலத்தில் போனதில்லை. கோடையிலும் மே கடைசிக்கு முன்னால் அறை போடாதீர்கள். மேல் பாதைகளில் பனி கிடக்கும், மென்லிஷன் கேபிள் காரும் அதுவரை ஓடாது. வெங்கனில் அறை எடுக்கும்போது நிலையத்திலிருந்து எவ்வளவு ஏற்றம் என்று கேட்டுவிட்டு, மேற்குப் பார்த்த பால்கனியாகக் கேளுங்கள். சாயங்கால வெயிலுக்கு அந்தக் கூடுதல் காசு கொடுக்கலாம்.